“உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்!” செல்போனில் பிள்ளைகளை மிரட்டும் ஆசாமிகள்: பெற்றோரே, உஷார்!

சென்னை நகரில் ஒரு திருடன் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் பூட்டை உடைக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டைப் பிரித்து இறங்க வேண்டும். ஆனால் பூட்டை உடைக்காமல், கதவைத் தட்டாமல் உள்ளே வரும் ஆசாமிகள் இப்போது இருக்கிறார்கள்.

அம்மா சமையல் அறையில் சோறு வடித்துக்கொண்டு இருப்பார். அப்பா தாம்பரம் மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு வந்துகொண்டு இருப்பார். அந்த நேரத்தில் அந்த ஆசாமி வீட்டுப் பிள்ளையிடம் பேசிக்கொண்டு இருப்பான். அவன் வந்த வழி, பிள்ளையின் கையில் இருக்கும் செல்போன்.

அவனிடம் கத்தி கிடையாது. அவனுடைய ஆயுதம் ஒரே ஒரு மிரட்டல்தான்.

“உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்!”

இதற்குப் பயந்து அவன் சொன்னதை எல்லாம் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பணத்தைத் திருடிக் கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உயிரை விட்ட பிள்ளைகளும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒரு கயவன், உங்களைக் காட்டி உங்கள் பிள்ளையைப் பயமுறுத்துகிறான். உங்கள் கோபம் அவனுக்கு மூலதனமாக இருக்கிறது!

போன் வந்த கதை

முன்பெல்லாம் பிள்ளைகள் கையில் போன் கொடுக்கவே பெற்றோர் யோசித்தார்கள். 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் போனில் வந்தது. கடன் வாங்கி போன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ.

பள்ளிக்கூடம் திறந்தது. ஆனால் போன் திரும்ப அலமாரிக்குப் போகவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. டியூஷன் வாத்தியாரும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார். எனவே போனைப் பிடுங்கி வைப்பது மட்டும் இதற்கு வழி ஆகாது.

வலை விரிப்பது எப்படி?

இந்த ஆசாமிகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வலை விரிக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

முதலில் அவன் போனில் விளையாடும் இடத்துக்கு வருவான். அல்லது இன்ஸ்டாகிராமில் வருவான். வயதைக் குறைத்துச் சொல்வான். “நானும் பத்தாங்கிளாஸ்தான்” என்பான். சில நேரம் பெண் பெயரில் வருவான்.

அடுத்தது புகழ்ச்சி. “நீ சூப்பரா ஆடுற.” “உன் கண்ணு அழகா இருக்கு.” வீட்டில் யாரும் பாராட்டாத பிள்ளை இதில் உருகிப்போகும். விளையாட்டுக்கு வேண்டிய காயின் வாங்கிக் கொடுப்பான். போனுக்கு ரீசார்ஜ் செய்வான்.

பிறகு தனி இடத்துக்கு அழைத்துப்போவான். “இங்க வேணாம், வாட்ஸ்அப்புக்கு வா” என்பான். அங்கே ரகசியம் ஆரம்பமாகும். “நாம பேசுறது உங்க அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவங்களுக்குப் புரியாது.”

பெற்றோரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பெற்றவர்களிடம் மறைக்கச் சொல்லும் நட்பு எதுவும் நல்ல நட்பு அல்ல. இதைப் பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள்.

கடைசியில் ஒரு படம் கேட்பான். முதலில் சாதாரணப் படம். பிறகு உடுப்பு இல்லாத படம். படம் கைக்குப் போனதும் குரல் மாறும். “இன்னும் அனுப்பு. இல்லைன்னா உங்க கிளாஸ் குரூப்புல போட்டுடுவேன். உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்.”

இப்போது படமே அனுப்பாத பிள்ளைகளும் மாட்டிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் சிரித்த முகத்தை எடுத்து, கம்ப்யூட்டர் உதவியால் வேறு உடலில் ஒட்டி, நிர்வாணப் படமாகச் செய்துவிடுகிறார்கள். “இது நான் இல்லை” என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று பிள்ளை பயப்படுகிறது.

பையன்களும் தப்பவில்லை

“எனக்குப் பொம்பளப் புள்ள இல்லை, எனக்கென்ன கவலை?” என்று எந்தத் தகப்பனாரும் நினைத்துவிட வேண்டாம்.

சென்னையில் ‘துளிர்’ என்ற அமைப்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தி, 2006-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. மொத்தம் 2 ஆயிரத்து 211 பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். அதில் 100-க்கு 42 பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளில் 100-க்கு 39. ஆண் பிள்ளைகளில் 100-க்கு 48!

அது போன் இல்லாத காலத்துக் கணக்கு. போன் வந்த பிறகு பையன்களைக் குறிவைத்துத் தனியாக ஒரு மோசடி நடக்கிறது. பெண் பெயரில் பழகி, படம் வாங்கி, உடனே பணம் கேட்டு மிரட்டுவார்கள். அமெரிக்காவில் எப்.பி.ஐ. போலீசார் 2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டார்கள். அந்த ஒரு ஆண்டில் 3 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் மாட்டிக்கொண்டதாகவும், அவர்களில் பெரும்பாலோர் பையன்கள் என்றும், 12-க்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகவும் அதில் சொல்லப்பட்டது.

பையன் ஏன் வாய் திறப்பதில்லை? “ஆம்பளப் பையன் அழலாமா?” என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்த்ததுதான் காரணம்.

தெரிந்த முகம்

ஆசாமி எங்கோ வடநாட்டில் உட்கார்ந்திருப்பான் என்று நினைப்பதும் தவறு. மத்திய அரசு 2007-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிள்ளைகளைக் கெடுத்தவர்களில் சரிபாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், அல்லது பிள்ளை நம்பி இருந்தவர்கள் என்று தெரியவந்தது.

சொந்தக்காரராக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகவும் இருக்கலாம்.

2021-ம் ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் கைதான செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆன்லைன் வகுப்பில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி மாணவிகள் வாய் திறந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. அதன்பிறகு மற்றப் பள்ளிகளைப் பற்றியும் அடுத்தடுத்து புகார்கள் வந்தன. ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று தமிழக அரசு அந்த ஆண்டே உத்தரவு போட்டது.

ஒரு மாணவி பேசினாள். அதைக் கேட்டு மற்றவர்களும் பேசினார்கள். பேசினால் ஆசாமி மாட்டுவான். பேசாத வரையில் அவனுக்குக் கொண்டாட்டம்.

அறிகுறி என்ன?

பிள்ளை வாயால் சொல்லாவிட்டாலும் நடத்தையில் தெரியும். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:-

யாராவது பக்கத்தில் வந்தால் சட்டென்று போனைக் கவிழ்த்து வைப்பது.

நடுராத்திரியில் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிவது. பகலில் தூங்கி வழிவது.

மெசேஜ் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துப்போவது.

யார் கொடுத்தது என்று சொல்ல முடியாத பொருள், பணம், ரீசார்ஜ். அல்லது வீட்டில் வைத்த பணம் குறைவது.

நீங்கள் பார்த்தே இராத ஒரு ‘அண்ணன்’, ஒரு ‘அக்கா’ பற்றிய பேச்சு.

நன்றாகப் படித்த பிள்ளையின் மார்க் திடீரென்று குறைவது. கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது. காரணம் இல்லாமல் எரிந்து விழுவது.

குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தால் ஒளிந்துகொள்வது. டியூஷன் நாளன்று மட்டும் வயிற்றுவலி வருவது.

சின்னக் குழந்தையானால், விட்டுப்போன பழக்கம் திரும்ப வருவது. படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, தனியாகப் படுக்க மறுப்பது. வயதுக்கு மீறிய ஆபாச வார்த்தையைச் சொல்வது.

உடம்பில் கீறல், காயம். “நான் செத்துட்டா என்ன?” என்ற பேச்சு. இதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு நம்பர் 24 மணி நேரமும் உண்டு.

இவற்றில் ஒன்று இருந்தால் உடனே பதறிவிட வேண்டாம். பரீட்சைப் பயத்தாலும் தூக்கம் கெடும். ஆனால் இரண்டு, மூன்று சேர்ந்து வந்தால், “போன மாசம் வரைக்கும் இப்படி இல்லையே” என்று உங்கள் மனசுக்குப் பட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எப்படிக் கேட்பது?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? “போனைக் கொடுடி! யாருடி அவன்?” என்று ஒரு அறை விழும். போன் பீரோவுக்குள் போகும். பிள்ளையின் வாயும் அத்தோடு அடைத்துக்கொள்ளும். மிரட்டுகிறவன் என்ன சொன்னானோ அதுவே வீட்டிலும் நடந்துவிடுகிறது. அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களிடம் வருமா?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்:-

“கொஞ்ச நாளா நீ சரியா சாப்பிடலை. எனக்கு மனசு கேக்கலை. யாராவது உன்னைத் தொந்தரவு பண்றாங்களா? எது நடந்திருந்தாலும் நீ எங்க புள்ள. அடிக்க மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன். சொல்லு கண்ணு.”

உடனே பதில் வராது. பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து, கடைக்குப் போகும்போது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, தானாகச் சொல்லும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகுக்குப் பின்னால் இருந்து சொல்லும் பிள்ளைகள் உண்டு.

சொன்னவுடன் மூன்று வார்த்தை சொல்லுங்கள். “நான் நம்புறேன்.” “தப்பு உன்மேல இல்லை.” “நாம பாத்துக்கலாம்.” “ஏன் அனுப்பினே?” என்ற கேள்வி வேண்டாம். ஏமாந்தது பிள்ளை. ஏமாற்றியது பெரியவன்.

உடனே செய்ய வேண்டியது

ஒன்று:- பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் மறுநாளும் கேட்பான். கொடுத்துவிட்டால் 1930 என்ற சைபர் கிரைம் நம்பருக்கு உடனே போன் செய்யுங்கள்.

இரண்டு:- மிரட்டல் மெசேஜ்களை அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. ஆசாமியின் கணக்குப் பெயர், போன் நம்பர், மெசேஜ் வந்த தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். ஆனால் பிள்ளையின் படத்தை, ஆலோசனை கேட்பதற்குக்கூட, வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மூன்று:- பதிலுக்கு நீங்கள் மிரட்டாதீர்கள். அவன் கணக்கை மூடிவிட்டு ஓடிவிடுவான்.

நான்கு:- 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான இலவச நம்பர். இரவு, பகல் எந்த நேரமும் பேசலாம். பிள்ளையே பேசலாம். பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தமிழக பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. அவசரத்துக்கு 112.

ஐந்து:- மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியலாம். பிள்ளைகளின் ஆபாசப் படம் பற்றிய புகார் என்றால் பெயர் சொல்லாமலும் பதிய வசதி உண்டு.

படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை 2023-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. இதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியது இல்லை. கைரேகை போல அந்தப் படத்துக்கு ஒரு அடையாள எண் மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற கம்பெனிகள் அந்த எண்ணை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

“ஸ்டேஷனா? மானம் போகும்!”

புகார் கொடுக்கத் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணம் இது. ஆனால் சட்டம் அதை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

‘போக்சோ’ சட்டம் 2012-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று அமலுக்கு வந்தது. 18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும், ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும், இந்தச் சட்டம் பொருந்தும்.

பிள்ளை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது இல்லை. வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியமட்டும் பெண் அதிகாரிதான் வர வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். காக்கி உடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது.

கோர்ட்டில் கதவை மூடிக்கொண்டு விசாரணை நடக்கும். குற்றவாளியின் முகத்தைப் பிள்ளை பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையின் பெயர், படம், வீடு, பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகை வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை ஜெயில்.

மிரட்டுவதே குற்றம்தான். படத்தை வெளியிடுவேன் என்று பிள்ளையை மிரட்டினால், அது போலிப் படமாக இருந்தாலும், 3 ஆண்டு வரை ஜெயில். பிள்ளையை ஆபாசப் படத்துக்குப் பயன்படுத்தினால் குறைந்தது 5 ஆண்டு. மறுபடியும் செய்தால் குறைந்தது 7 ஆண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருந்தால் அதுவும் குற்றம். 6 மாதம் வரை ஜெயில் உண்டு. பள்ளி, விடுதி போன்ற இடங்களின் பொறுப்பாளர் மறைத்தால் 1 ஆண்டு வரை. “நமக்கேன் வம்பு” என்று ஒதுங்க முடியாது.

‘பார்வேர்டு’ செய்பவரும் மாட்டுவார்

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருகிறது. ஒரு பிள்ளையை யாரோ கெடுக்கும் கொடுமை. “இவனைப் பிடிக்கும் வரை ஷேர் பண்ணுங்க” என்று எழுதி இருக்கிறது. நல்ல எண்ணத்தோடுதான் நீங்களும் பத்துப் பேருக்கு அனுப்புகிறீர்கள்.

அனுப்பாதீர்கள்! அந்தப் பத்துப் பேரிடமும் அந்தப் பிள்ளை மறுபடி அவமானப்படுகிறது. சட்டப்படியும் அது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை ஜெயில், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீசில் புகார் செய்யுங்கள். வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

“நான் பார்த்தேன், யாருக்கும் அனுப்பவில்லை” என்று சொல்லியும் தப்ப முடியாது. சென்னையைச் சேர்ந்த ஒரு வழக்கில், தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றம் ஆகாது என்று 2024-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது குற்றம் ஆகும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. இதுபோன்ற படம் கண்ணில் பட்டால் அமெரிக்கக் கம்பெனிகள் அங்குள்ள ஒரு மையத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்தத் தகவல் இந்தியாவுக்கு வர 2019-ம் ஆண்டு ஒப்பந்தம் போடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் திருச்சியில் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய படிப்பு வேண்டாம். செல்போன் தெரியாத தாய்மார்களும் இதைச் செய்யலாம்.

இரவு 10 மணிக்கு வீட்டில் உள்ள எல்லா போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். அப்பாவின் போனும் சேர்த்துத்தான். பெரியவர் செய்தால் பிள்ளையும் செய்யும்.

இன்ஸ்டாகிராம் கணக்குக்கு 13 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழ் வேண்டாம். கணக்கைத் ‘தனி’ என்று மாற்றி வையுங்கள். பள்ளிச் சீருடையில் எடுத்த படம் வேண்டாம். படிக்கும் இடம் அதிலேயே தெரிந்துவிடும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வியாபார நேரத்தில் பிள்ளை அழாமல் இருக்க, கல்லாவுக்குப் பின்னால் உட்காரவைத்துப் போனைக் கொடுத்துவிடுகிறோம். கொடுங்கள், ஆனால் திரை உங்கள் பக்கம் திரும்பி இருக்கட்டும்.

வாரத்தில் ஒரு நாள் “நீ ஆடுற கேமை எனக்கும் கத்துக்குடு” என்று கேளுங்கள். பிள்ளை சந்தோஷமாகச் சொல்லிக்கொடுக்கும். அங்கே யார் யார் பேசுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

1098 என்ற நம்பரைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். பத்து, ஒன்பது, எட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மறக்காது.

இன்று இரவு இந்தப் பேப்பரை மடித்து வைத்த பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். “யாராவது ‘உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்’னு மிரட்டினா, ‘போய்ச் சொல்லு, எங்க அப்பாவுக்கு ஏற்கனவே தெரியும்’னு சொல்லிட்டு நேரா என்கிட்ட வா.”

அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தக் கயவனும் மிரட்ட முடியாது.